ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு வந்த ஆறு ஸ்க்ரீன்ஷாட்கள்

வணக்கம் டீச்சர்.

நேற்று ராத்திரி நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆறு ஸ்க்ரீன்ஷாட்களையும், வேலை சம்பந்தமாக எல்லோரும் எழுதும் லிங்க்ட்இன் தளத்தின் பதிவுகள் அவை, காலையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். "ஐ.டி. முடிஞ்சு போச்சுன்னு எல்லாரும் எழுதறாங்க. பாப்பாவை வேற லைனுக்கு மாத்திடலாமா, இல்ல அந்த ஏ.ஐ. கோர்ஸ்ல 85,000 கட்டிடலாமா?" என்று மூன்றாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரண்டும் வேண்டாம். ஏன் என்று சொல்ல மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

ஆறில் மூன்று ஒரே செய்தியைப் பற்றியவை. 2025 ஜூலையில் டி.சி.எஸ். என்ற பெரிய ஐ.டி. கம்பெனி தன் ஊழியர்களில் சுமார் 2 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. செய்தி உண்மைதான். அந்தக் குறைப்பு பெரும்பாலும் நடுநிலை, மேல்நிலைப் பொறுப்புகளில் இருப்பவர்களைத்தான் தொடும் என்று கம்பெனியே அப்போது சொன்னது. அந்த வரி மூன்று பதிவிலும் இல்லை. அதற்கு முந்தைய நிதியாண்டில் அதே கம்பெனி சுமார் 42,000 புதியவர்களை எடுத்திருந்தது என்பதும் இல்லை. உண்மையின் பாதியை மட்டும் சொன்னால், படிக்கிறவருக்கு மிஞ்சுவது பயம் மட்டும்தான்.

நான்காவது பதிவு, இன்னும் ஒன்றரை வருடத்தில் ஜூனியர் டெவலப்பர் என்ற வேலையே இருக்காது என்கிறது. அதன் கடைசி வரியைப் பாருங்கள். கமெண்டில் ஒரு வார்த்தை போட்டால் 'ரோட்மேப்' அனுப்புகிறாராம். நீங்கள் சொன்ன அந்த 85,000 ரூபாய் கோர்ஸ் அந்த வழியில்தான் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. பயத்தை எழுதியவரும் மருந்தை விற்பவரும் ஒரே ஆளாக இருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். எதிர்காலத்தைப் பற்றி இப்படி அடித்துச் சொல்பவர்களில் பெரிய அறிஞர்களும் உண்டு. பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய ஏ.ஐ. ஆராய்ச்சியாளர் ஜெஃப்ரி ஹின்டன், ஸ்கேனை ஏ.ஐ.யே பார்த்துவிடும், இனி ரேடியாலஜிஸ்ட்களைப் பயிற்றுவிப்பதையே நிறுத்திவிடலாம் என்று 2016-இல் சொன்னார். ஐந்து வருடம், மிஞ்சினால் பத்து வருடம் என்று கணக்கும் கொடுத்தார். ஸ்கேன் பார்த்துச் சொல்லும் மருத்துவர்களுக்கு இன்றும் தட்டுப்பாடுதான். அன்று அதைக் கேட்டு ரேடியாலஜி சீட்டை விட்டிருந்தால் அந்தப் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது?

ஐந்தாவதைத்தான் நீங்கள் சிவப்பு மையால் வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். "ஒரே மீட்டிங்கில் என் 14 வருடம் முடிந்தது" என்று தொடங்குகிறது. படித்ததும் எனக்கும் மனசு கனத்தது. ஆனால் நீங்கள் பார்த்தது முதல் மூன்று வரி. லிங்க்ட்இன்னில் பதிவின் முதல் சில வரிகள்தான் தெரியும், மிச்சத்துக்கு அழுத்தித் திறக்க வேண்டும். நான் திறந்து படித்தேன். கீழே அவர் என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? கடைசி ஆறு வருடம் ஒரே ப்ராஜெக்டில் ஆட்களை ஒருங்கிணைக்கும் வேலை மட்டும் பார்த்ததாகவும், கோட் எழுதும் பழக்கமே விட்டுப்போனதாகவும் சொல்கிறார். வேலை போன பிறகு போன மூன்று இன்டர்வியூக்களில் என்ன கேட்டார்கள், எதில் தடுமாறினார், இப்போது எதைத் திரும்பப் படிக்கிறார் என்று ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறார். ஆறில் உங்கள் மகளுக்கு உதவுகிற பதிவு இது ஒன்றுதான். தன் காயத்தைக் காட்டியதோடு நிற்காமல், கல் எங்கே கிடக்கிறது என்று பின்னால் வருகிறவருக்குக் கை காட்டுகிறார். அதை அவளையும் முழுசாகப் படிக்கச் சொல்லுங்கள்.

ஆறாவது அவளே எழுதியது. அதைப் பார்த்துத்தான் உங்களுக்குத் தூக்கம் போயிருக்கும்.

"2027 பேட்ச்சுக்கு வேலை இல்லை. எங்களுக்கு யாரும் உண்மையைச் சொல்லவில்லை" என்று எழுதியிருக்கிறாள். ஆயிரக்கணக்கில் லைக். கீழே நூற்றுக்கணக்கில் "எனக்கும் இதே நிலைமைதான்". போன வாரம் கோயம்புத்தூரில் என்னைப் பார்க்க வந்தபோது அந்த எண்ணிக்கையைத்தான் முதலில் காட்டினாள். அவளைத் திட்டாதீர்கள், டீச்சர். ஹாஸ்டலில் ராத்திரி ஒரு மணிக்குத் தனியாகப் பயந்துகொண்டிருக்கிற பிள்ளைக்கு, கூட ஆயிரம் பேர் பயப்படுகிறார்கள் என்று தெரிவதே ஒரு ஆறுதல். ஆனால் மறுநாளும் அதே ஆறுதல் வேண்டுமென்றால் இன்னொரு பயத்தை எழுத வேண்டியிருக்கிறது. இதில் லிங்க்ட்இன்காரர்கள் உட்கார்ந்து சதி செய்வதாக நான் நினைக்கவில்லை. ஒரு பதிவில் ஒருவர் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பதையும் கணக்கில் எடுத்துத்தான் அடுத்தவருக்கு எதைக் காட்டுவது என்று முடிவு செய்வதாக அவர்களே 2020-இல் விளக்கியிருக்கிறார்கள். பயமுறுத்துகிற வரியில் எல்லோரும் நிற்போம். நின்றால் அதேபோல் இன்னும் பத்து வரும். ஊரே பற்றி எரிகிற மாதிரி தெரிவது அதனால்தான்.

அவளுடைய இன்னொரு பதிவை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மூன்று வாரத்துக்கு முன்னால் எழுதியது. கரூரில் அவள் மாமாவின் டவல் யூனிட்டுக்காக ஆர்டர் கணக்குப் பார்க்கும் ஒரு சின்ன ப்ரோகிராம் செய்திருக்கிறாள் அல்லவா? அதைப் பற்றியது. மே மாதமே கப்பல் ஏறிய சரக்குக்கு இன்னும் இரண்டு மாதம் நேரம் இருக்கிறது என்று அது காட்டியிருக்கிறது. மாமா சத்தம் போட்டிருக்கிறார். இரண்டு நாள் தேடிய பிறகு கண்டுபிடித்தாள்: அமெரிக்க வாடிக்கையாளர் 05/07 என்று எழுதினால் அது மே 7. இவள் ப்ரோகிராம் அதை ஜூலை 5 என்று எடுத்துக்கொண்டது. எப்படிக் கண்டுபிடித்தாள், எப்படிச் சரி செய்தாள், சரி செய்யும்போது வேறு என்ன உடைந்தது என்று அழகாக எழுதியிருந்தாள். அதற்கு வந்த லைக் 14.

அந்தப் பதினான்கில் ஒருவர் கோயம்புத்தூரில் வேலை செய்யும் இன்ஜினியர். "தேதியை டேட்டாபேஸில் வெறும் எழுத்தாகவா வைத்திருக்கிறீர்கள்?" என்று கமெண்டில் கேட்டிருந்தார். அப்படி வைத்தால் எது மாதம், எது நாள் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஒன்பது நாள் பதில் போகவில்லை. இவள் மற்ற பதிவின் லைக்கை எண்ணிக்கொண்டிருந்தாள். என் எதிரிலேயே உட்கார வைத்துப் பதில் எழுதச் சொன்னேன். "ஆமாம் சார், எழுத்தாகத்தான் வைத்திருந்தேன், அது தப்பு என்று இப்போது புரிகிறது, மாற்றிக்கொண்டிருக்கிறேன்" என்று எழுதினாள். அன்று சாயங்காலமே அவர் திரும்ப எழுதினார், இன்னும் இரண்டு கேள்விகளோடு. இதனால் நாளைக்கே வேலை கிடைத்துவிடும் என்று சொல்ல வரவில்லை. பயப் பதிவுக்கு வந்த அத்தனை பேரில் ஒருவர்கூட அவளிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை என்பதை மட்டும் பாருங்கள்.

நிலைமை நன்றாகத்தான் இருக்கிறது என்று பொய் சொல்லி உங்களை அனுப்பவும் எனக்கு மனமில்லை. 2023-24 நிதியாண்டில் டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ், விப்ரோ மூன்றிலும் சேர்த்து ஆள் எண்ணிக்கை 60,000-க்கும் மேல் குறைந்தது. கம்பெனிகள் கல்லூரிக்கு வந்து ஆட்களை நூறு நூறாக அள்ளிக்கொண்டு போன காலம் இப்போது இல்லை. எளிமையான கோட் எழுதும் வேலையை ஏ.ஐ. செய்கிறது, அதனால் புதியவர்களிடம் கேட்கும் கேள்விகளும் கடினமாகிவிட்டன. அதே சமயம் வெளிநாட்டு கம்பெனிகள் தங்கள் வேலைக்காகத் தாங்களே இங்கே நடத்தும் மையங்கள், ஜி.சி.சி. என்பார்கள், நாடு முழுக்க 1,700-க்கும் மேல் இருக்கின்றன. சென்னையில் நிறைய, கோயம்புத்தூரிலும் உண்டு. அங்கே ஆட்கள் குறைவாக எடுப்பார்கள், பார்த்து எடுப்பார்கள். மாமாவின் டவல் கணக்கில் தேதிப் பிழையைத் துரத்திப் பிடித்த பிள்ளைக்கு அங்கே பேச விஷயம் இருக்கும்.

நான் பிளஸ் டூ முடித்தது 2002-இல். இன்டர்நெட் கம்பெனிகள் வரிசையாகக் கவிழ்ந்த டாட்காம் சரிவுக்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து ஆட்கள் திரும்பி வந்துகொண்டிருந்த நேரம். "கம்ப்யூட்டர் செத்துப்போச்சு" என்று எங்கள் தெருவில் சொல்லாதவர் இல்லை. என் கூடப் படித்தவன் கைக்கு வந்த கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டை அதைக் கேட்டே விட்டான். 2006-இல் நாங்கள் படிப்பை முடித்தபோது கம்பெனிகள் வரிசையில் நின்றன. நேர்மாறாகவும் நடந்தது. அந்த நல்ல காலத்தை நம்பி 2005-இல் சேர்ந்தவர்கள் 2009-இல் கையில் ஆஃபர் லெட்டரை வைத்துக்கொண்டு சேரும் தேதிக்காக மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். நாலு வருடப் படிப்பை ஒரு சீசனின் பேச்சை வைத்து முடிவு செய்ய முடியாது. அதனால்தான் மூன்றாம் ஆண்டில் லைன் மாற்றும் யோசனையே வேண்டாம் என்கிறேன்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. அந்த 85,000-ஐ வங்கியிலேயே வையுங்கள். ஐ.ஐ.டி.க்கள் இணையத்தில் நடத்தும் என்.பி.டி.இ.எல்.-இல் பாடம் கேட்கக் காசு கிடையாது, சான்றிதழ் தேர்வு எழுதினால்தான் கட்டணம். தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திறன் பயிற்சித் திட்டத்தில் அவள் கல்லூரியிலேயே கோர்ஸ்கள் இருக்கும், பிளேஸ்மென்ட் ஆபீசரிடம் கேட்கச் சொல்லுங்கள். வேலை தருகிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டால் அது மோசடி. பணம் போய்விட்டால் அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள்.

லிங்க்ட்இன்னை விட்டு ஓட வேண்டியதில்லை. பயமுறுத்தும் பதிவு வந்தால் ஓரத்தில் இருக்கும் மூன்று புள்ளியை அழுத்தி, ஆர்வமில்லை என்று கொடுக்கச் சொல்லுங்கள். பத்து நாள் விடாமல் செய்தால் வித்தியாசம் தெரியும். அப்புறம், அவள் கல்லூரியிலேயே இரண்டு மூன்று வருடம் முன்னால் படித்து இப்போது வேலையில் இருக்கும் அக்கா, அண்ணன்களைத் தேடட்டும். "வேலை வாங்கித் தாங்க" என்று எழுதினால் யாரும் பதில் போட மாட்டார்கள். "அக்கா, உங்கள் முதல் இன்டர்வியூவில் ப்ராஜெக்ட் பற்றி என்ன கேட்டார்கள்? நான் இப்படி ஒன்று செய்திருக்கிறேன், இதில் எது பலவீனமாகத் தெரிகிறது?" என்று கேட்கட்டும். பத்துப் பேருக்கு எழுதினால் மூன்று பேராவது பதில் தருவார்கள் என்பது என் அனுபவம்.

அவள் எழுதிய அந்தப் பயப் பதிவை நீக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அந்த நேரத்துப் பயம் உண்மைதான். அதன் கீழேயே, அதற்குப் பிறகு என்ன செய்தாள் என்று வாரம் ஒரு கமெண்ட் போடட்டும் என்று சொல்லியிருக்கிறேன். "எனக்கும் இதே நிலைமைதான்" என்று எழுதிய அந்த நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கும் அது போய்ச் சேரும். முதல் கமெண்டை என் எதிரிலேயே எழுதினாள்: தேதிப் பிழை, அந்த இன்ஜினியரின் கேள்வி, தன் பதில்.

உங்களுக்கும் ஒன்று. இனி ராத்திரியில் இப்படி ஏதாவது கண்ணில் பட்டால் அவளுக்கு அனுப்பாதீர்கள், எனக்கு அனுப்புங்கள். அவளுக்குப் போன் செய்யும்போது "வேலை கிடைக்குமா" என்று கேட்காமல், "மாமா கணக்கு சரியாயிடுச்சா" என்று கேளுங்கள். போன வாரம் அதை நான் கேட்டதும் லேப்டாப்பைத் திறந்து அரை மணி நேரம் எனக்கு விளக்கினாள், டீச்சர். வந்ததிலிருந்து கையில் வைத்திருந்த போனை அப்போதுதான் கீழே வைத்தாள்.