14 பங்காளி, ஒரு பல்பு: சித்திரக்கதை கேள்வி பதில்

காரைக்குடிப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சியை வைத்து, 4 கட்ட நகைச்சுவை ஸ்ட்ரிப் வரைந்து இணையத்தில் போட்டு வருகிறேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

தேவகோட்டை: அக்கா, பல்பு ஸ்ட்ரிப்புக்கு முதலில் வேறு முடிவு வைத்திருந்தீர்களா?

ஆமாம். வளவில், அதாவது வீட்டின் முற்றப் பகுதியில், பல்பு பியூஸ் போகிறது. வீடு 14 புள்ளிக்கு, அதாவது 14 பங்காளிக் குடும்பங்களுக்குப் பொது, யார் மாற்றுவது? முதல் வரைவில் சென்னை, சிங்கப்பூர், மலேசியா என்று எல்லாப் பங்காளிகளும் போனில் பேசினார்கள். கட்டத்துக்கு 4 வசன பலூன். படிக்கவே மூச்சு வாங்கியது, தூக்கிப் போட்டேன். இப்போது முதல் கட்டத்தில் பல்பு அணைகிறது. அடுத்ததில் ஆச்சி, "எல்லாருக்கும் சொல்லிட்டேன்" என்கிறார். மூன்றாவதில் காலண்டர் மட்டும், மாதம் மாறியிருக்கிறது. கடைசியில் கல்யாணத்துக்கு வந்த 14 பேரும் இருட்டில் நிற்கிறார்கள், ஆளுக்கொரு பல்போடு. ஏணி யாரிடமும் இல்லை. அங்கே வசனமே கிடையாது. நம் வீடுகளின் கூரை உயரம் தெரிந்தவர்களுக்கு அது போதும்.

மதுரை: எந்த டேப்லெட்? எந்த மென்பொருள்?

திரை இல்லாத சாதாரணப் பேனா டேப்லெட், கிரிட்டா. கிரிட்டா இலவசம். ஆனால் வசனத்தை முதலில் எழுதுங்கள், படம் அப்புறம். 'சொல்லிக்கொண்டிருந்தார்கள்' என்ற ஒரு சொல்லே பலூனைத் தாண்டிவிடும்.

திருச்சி: போட்டோஷாப்பில் கொம்பு எழுத்தைவிட்டுத் தள்ளி நிற்கிறது.

பழைய பதிப்பாக இருக்கும். பிரிபரன்ஸில் டைப் பகுதிக்குப் போய்த் தெற்காசிய எழுத்துக்கான தேர்வைப் போட்டு, மென்பொருளை மூடித் திறந்து, புதுக் கோப்பில் தட்டச்சு செய்யுங்கள்.

கோவை: படம் எந்த அளவில்?

இன்ஸ்டாகிராமுக்கு 1080 × 1350 பிக்சல். போனில் கீழே உருட்டிப் படிக்கும் வெப்டூன் கதைகளுக்கு அகலம் 800. புத்தகம் போடும் ஆசை இருந்தால் அதைவிடப் பல மடங்கு பெரிதாக வரைந்து சுருக்குங்கள். சிறிதாக வரைந்ததைப் பின்னால் பெரிதாக்க முடியாது.

சேலம்: செட்டியார் கஞ்சத்தனம் வைத்து ஏன் ஜோக் போடுவதில்லை?

அதில் ஆளே இல்லை, சாதிப் பெயர் மட்டும்தான் இருக்கிறது. என் ஆச்சி ஒரு ஆள்.

கோட்டையூர்: ஆத்தங்குடிக் கல் சூளை கதை வருகிறது என்றீர்களே?

வராது. சூளையிலிருந்து வந்த சூடான தரைக்கல்லில் ஆச்சி பணியாரம் சுடுவதாகக் கதை. பென்சில் வரைவோடு ஆத்தங்குடியில் ஒரு பட்டறைக்குப் போனேன். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஒருவர் வண்ணச் சிமென்ட் குழம்பைச் சின்னக் கரண்டியால் ஊற்றினார். அச்சைத் தூக்கியபோது நிறம் ஒன்றோடொன்று ஒட்டி நின்றது, கலக்கவில்லை. அதன்மேல் சிமென்டும் மணலும் போட்டு இறுக்கினார். கல் இறுகியதும் தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போடுகிறார்கள். நெருப்பே இல்லை! அந்த வழவழப்பு கண்ணாடி தந்தது.

கரூர்: சிரிக்க வைக்கும் படத்துக்கு இவ்வளவு துல்லியம் எதற்கு?

சூளையை வரைந்தால் படிப்பவர் அதை நம்பிவிடுவார். சிரிப்போடு தப்பும் சேர்ந்து மனதில் ஒட்டிக்கொள்ளும்.

பள்ளத்தூர்: நான் கரூர்க்காரர் பக்கம். உங்கள் ஸ்ட்ரிப்பில் பூனை பேசுகிறதே!

பூனை பேசாது என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் ஏமாற மாட்டார்கள். கல் எப்படி வருகிறது என்பது காரைக்குடியிலேயே பலருக்குத் தெரியாது. நாள் முழுக்கக் குனிந்து குழம்பு ஊற்றும் அந்த மனிதரிடம் சூளைப் படத்தை நான் எப்படிக் காட்டுவேன்?

கரூர்: சரி, ஆனால் நல்ல ஜோக் போச்சே.

போகட்டும்.

ஈரோடு: அக்கா, என்ன டேப்லெட்?

இரண்டாவது ஆளாகக் கேட்கிறீர்கள் தம்பி, பதில் மேலே இருக்கிறது. வசனம் எழுதிவிட்டீர்களா? அதைச் சொல்லுங்கள்.

கோட்டையூர்: அப்போ தண்ணீர்த் தொட்டியை வைத்தே ஒன்று போடலாமே?

அதைத்தான் வரைந்துகொண்டிருக்கிறேன். ஆச்சி தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "இம்புட்டு நாளா ஊறுது, எப்ப ஆட்டப் போறீக?" என்று கேட்கிறார்.