பழனி பாதயாத்திரை: எந்த நாள் எங்கே தங்குவது? (கேள்வி பதில்)

தைப்பூசத்துக்குக் காரைக்குடிப் பக்கத்திலிருந்து பழனிக்கு நடக்கப் போகிறவர்கள் கேட்ட கேள்விகளை இங்கே ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன். பதினான்கு வருடமாக நடக்கிறேன். அதில் கடைசி எட்டு வருடம் எங்கள் குழுவுக்குத் தங்க இடம் பார்க்கிற வேலையும் என் தலையில்தான்.

கேள்வி (காரைக்குடி, முதல் தடவை போகிறவர்): அண்ணே, மொத்தம் 170 கிலோமீட்டர் என்கிறார்கள். ஏழு நாளால் வகுத்தால் நாளுக்கு 24, 25 வருகிறது. இப்படியே போட்டுக்கொள்ளலாமா?

கணக்கு சரி, நடைக்குத்தான் ஒத்துவராது. நாங்களும் முதல் வருடம் அப்படித்தான் பேப்பரில் கோடு போட்டோம். 25-வது கிலோமீட்டர் வந்து நின்ற இடத்தில் ஒரு பக்கம் கண்மாய், மறுபக்கம் கருவேலங்காடு. மணி பதினொன்று. தண்ணீரும் இல்லை, கட்டை சாய்க்க ஒரு திண்ணையும் இல்லை. வேறு வழியில்லாமல் வெயிலில் இன்னும் ஐந்து கிலோமீட்டர் நடந்தோம். அன்றைக்கு வந்த கொப்புளம்தான் பழனி வரை கூடவே வந்தது.

அதனால் கிலோமீட்டரை வகுக்காதீர்கள். காலை ஒன்பது மணிக்கு எங்கே இருப்பீர்கள் என்று மட்டும் பாருங்கள். அந்த இடத்தில் நிழல், தண்ணீர், கழிப்பறை, ஐந்து மணி நேரம் படுக்க இடம், நாலும் வேண்டும். அது முடிவாகிவிட்டால் எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பது தானாக வந்துவிடும். புதிதாக இருக்கும்போது மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடக்கிறவர்கூட, டீ, உட்காருவது, பின்னால் வருகிறவருக்காக நிற்பது எல்லாம் சேர்த்தால் மணிக்கு மூன்றுதான். விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பினால் ஒன்பதுக்குள் 18. வெயில் தாழ நாலரைக்கு மேல் இன்னொரு எட்டோ பத்தோ. அவ்வளவுதான் ஒரு நாள்.

எங்கள் குழுவின் இப்போதைய வழக்கம் இது. கிளம்புகிற அன்று மாலை காரைக்குடியிலிருந்து குன்றக்குடி, பத்து கிலோமீட்டர். சண்முகநாதரைக் கும்பிட்டுவிட்டு அங்கேயே தங்கல். மறுநாளிலிருந்துதான் நாள் கணக்கு. முதல் நாள் பிள்ளையார்பட்டி வழியாகத் திருப்பத்தூர், 15 இருக்கும். அடுத்த நாள் சிங்கம்புணரி, இருபது சொச்சம். மூன்றாம் நாள் கொட்டாம்பட்டி தாண்டி சமுத்திராப்பட்டி. நான்காம் நாள் காலை நத்தம், இருட்டுவதற்குள் கோபால்பட்டி. இது கொஞ்சம் நீளம். ஐந்தாம் நாள் சாணார்பட்டி வழியாகத் திண்டுக்கல். ஆறில் ஒட்டன்சத்திரம், ஏழில் பழனி. நாள் கணக்கு சமமாக இல்லை என்று தெரிந்தேதான் இப்படி வைத்திருக்கிறோம்.

கேள்வி (தேவகோட்டை): கிளம்புகிற அன்று உடம்பில் தெம்பு இருக்கும்போது ஏன் வெறும் பத்து கிலோமீட்டர்? அன்றைக்கே முப்பது போய்விட்டால் பின்னால் லேசாக இருக்குமே?

எல்லோருக்கும் இந்த ஆசை வரும். தெம்பு இருப்பது மனதில்தான். பாதத்தோலுக்கு அது தெரியாது. முதல் நாள் முப்பது நடந்தவரை மூன்றாம் நாள் காலை பாருங்கள். படுக்கையிலிருந்து எழுந்து முதல் பத்து அடி வைப்பதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். குழுவை விட்டு பஸ் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் மூன்றாம் நாள்தான் ஏறுகிறார்கள், எங்கள் குழுவில் அப்படித்தான். அந்த நாளைத் தாண்டிவிட்டால் உடம்பு பழகிவிடும். மூன்றாம் நாளை 20-க்கு மேல் நீட்டாமல் வைத்திருப்பது இதற்காகத்தான்.

கேள்வி (பெங்களூரில் வேலை, சொந்த ஊர் திருப்பத்தூர்): எனக்கு ஐந்து நாள்தான் லீவு. ஏழு நாள் நடையை ஐந்தில் முடிக்க வழி உண்டா?

முடிக்கலாம், நாளுக்கு 35 வரும். வேண்டாம் தம்பி. நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற காலுக்கு அது தண்டனை. சிங்கம்புணரிக்கு பஸ்ஸில் வந்து அங்கிருந்து நடங்கள். ஐந்து நாளுக்குச் சரியாக இருக்கும். அதுவும் முடியாவிட்டால் திண்டுக்கல்லிலிருந்து இரண்டு நாள், நிதானமாக என்றால் மூன்று நாள். முருகன் ஸ்பீடோமீட்டர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

கேள்வி (நத்தம் அருகே): திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் ஒரே நாளா, ரெட்டியார்சத்திரத்தில் படுத்துவிட்டுப் போவதா?

நல்ல கேள்வி. இதற்கு பதில் அந்த ரோட்டின் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. திண்டுக்கல்லை விட்டால் ரெட்டியார்சத்திரம், அப்புறம் மூலச்சத்திரம், ஒட்டன்சத்திரம், அதையும் தாண்டினால் சத்திரப்பட்டி. சத்திரம், சத்திரம் என்றே போகிறது பாருங்கள். பஸ் இல்லாத காலத்தில் நடந்தும் வண்டி கட்டியும் போனவர்கள் தங்கிய இடங்கள். திண்டுக்கல்லிலிருந்து ரெட்டியார்சத்திரம் 12, 13 கிலோமீட்டர். ஒட்டன்சத்திரத்திலிருந்து சத்திரப்பட்டி 15 பக்கம். ஒரு வேளை நடை எவ்வளவோ அந்த இடைவெளியில் சத்திரம் இருந்திருக்கிறது. நாம் செல்போனில் மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொள்கிற கணக்கை அவர்கள் எப்போதோ போட்டு முடித்துவிட்டார்கள். ரோட்டில் இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

ஆக, வயதானவர்கள் இருந்தால் ரெட்டியார்சத்திரத்தில் படுங்கள். இளவட்டம் என்றால் காலை ரெட்டியார்சத்திரத்தில் டிபன், மூலச்சத்திரம் பக்கம் பகல் ஓய்வு, இரவு ஒட்டன்சத்திரம். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட் ஊர். லாரி நடமாட்டம் அதிகம், மார்க்கெட்டை ஒட்டிப் படுத்தால் தூக்கம் வராது. ஊருக்கு உள்ளே தள்ளி இடம் பாருங்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை. திண்டுக்கல்லுக்குள் நுழையும்போது மணி பன்னிரண்டு ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விரதத்தில் இருக்கிறவர்களுக்கு அந்த ஊர் பிரியாணி வாசனையைவிடப் பெரிய சோதனை இந்த 170 கிலோமீட்டரில் வேறு இல்லை.

கேள்வி (சிவகங்கை): அப்பாவுக்கு 62 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை. வேண்டுதல் என்று வெறுங்காலோடுதான் நடப்பேன் என்கிறார். என்ன சொல்லித் தடுப்பது?

நடையைத் தடுக்க வேண்டாம், வெறுங்காலைத் தடுங்கள். நாள்பட்ட சர்க்கரையில் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிடும். முள் ஏறினாலும் தார் சுட்டாலும் அவருக்குத் தெரியாது. எங்களோடு வந்த ஒரு பெரியவருக்கு உள்ளங்காலில் ஜல்லி குத்திய புண்ணை சாயங்காலம் நாங்கள் பார்த்துத்தான் சொன்னோம். அது ஆற இரண்டு மாதம் ஆனது.

கிளம்புமுன் டாக்டரிடம் காட்டி, நடக்கிற நாட்களில் மாத்திரையோ இன்சுலினோ எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீண்ட நடையில் சர்க்கரை சட்டென்று இறங்கும். மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் தவறு, சாப்பிடாமல் போட்டுக்கொண்டு நடப்பதும் தவறு. சட்டைப் பையில் எப்போதும் குளுக்கோஸ் பாக்கெட்டோ கற்கண்டோ இருக்கட்டும். கை நடுங்கி, குப்பென்று வியர்த்தால் உடனே வாயில் போட்டு உட்காரச் சொல்லுங்கள். இரவு படுக்குமுன் விரல் இடுக்கு உட்பட இரண்டு பாதத்தையும் டார்ச் அடித்துப் பார்ப்பது உங்கள் பொறுப்பு. வெறுங்கால் வேண்டுதல் கட்டாயம் நிறைவேற வேண்டும் என்றால், பழனியில் கிரிவீதி ஒரு சுற்று மட்டும் காலை வேளையில் வெறுங்காலோடு சுற்றட்டும். எங்கள் பெரியவர் இப்போது அப்படித்தான் செய்கிறார்.

கேள்வி (மேலூர்): இரவு முழுக்க நடந்து பகல் முழுக்கத் தூங்கினால் என்ன? குளிர்ச்சியாக இருக்குமே.

குளிர்ச்சிதான். ஆனால் லாரி டிரைவரும் அந்த நேரத்தில் தூக்கக் கலக்கத்தில்தான் இருப்பார். இரவு ஒன்பதுக்கு மேல் விடியற்காலை மூன்று வரை நாங்கள் ரோட்டில் இருப்பதில்லை. நடக்கிற நேரத்திலும் எதிரே வருகிற வண்டி கண்ணில் படும்படி வலது ஓரமாக, ஒற்றை வரிசையில் போங்கள். முதல் ஆளும் கடைசி ஆளும் ஒளிரும் பட்டை கட்டியிருக்கட்டும். கொட்டாம்பட்டியில் திருச்சி - மதுரை நாலுவழிச் சாலையைக் கடக்க வேண்டும். அங்கே ஆளாளுக்கு ஓடாமல் மொத்தமாகச் சேர்ந்து கடங்கள்.

நிலாவையும் கணக்கில் எடுங்கள். பூசம் பௌர்ணமியை ஒட்டி வருகிறது, நாம் நடப்பது வளர்பிறையில். அதனால் முதல் மூன்று நாலு நாள் மாலை நடைக்கு நிலா இருக்கும், விடியற்காலையில் மறைந்துபோய் கும்மிருட்டாக இருக்கும். டார்ச்சுக்கு அப்போதுதான் வேலை. பேட்டரியை ஒட்டன்சத்திரத்துக்கென்று மிச்சம் பிடிக்காதீர்கள்.

கேள்வி (புதுக்கோட்டை, வாசகி): தங்கும் இடம், சாப்பாடு பற்றி எல்லோரும் சொல்கிறார்கள். கழிப்பறை பற்றி யாருமே சொல்வதில்லை. பெண்கள் என்ன செய்வது?

என் தங்கை பத்து வருடமாக வருகிறாள். அவள் சொன்னதை அப்படியே தருகிறேன். பெண்கள் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் நடக்கிறார்கள். நீர்க்கடுப்பு வந்து நத்தத்தில் ஆஸ்பத்திரி தேடுகிறார்கள். அதற்குப் பதில் அந்த ரோட்டில் இருக்கிற பெட்ரோல் பங்குகளை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தங்கும் இடம் பேசும்போது "எத்தனை பேர் படுக்கலாம்" என்று கேட்பதற்கு முன் "கழிப்பறை எத்தனை, தண்ணீர் வருமா" என்று கேளுங்கள். நான் இடம் பார்க்கப் போகும்போது குழாயைத் திறந்து பார்க்காமல் திரும்புவதில்லை. ஒரு வருடம் அட்வான்ஸ் கொடுத்த மண்டபத்தில் நாற்பது பேருக்கு ஒரு கழிப்பறை, அதிலும் தாழ்ப்பாள் இல்லை. அதிலிருந்து வந்த புத்தி இது.

மாதவிலக்கு தேதி இடையில் விழுந்தால் என்ன என்பதை அவரவர் வீட்டு வழக்கப்படி முடிவு செய்துகொள்ளுங்கள். தங்கை எப்போதும் இரண்டு நாள் கூடுதல் துணியும் நாப்கினும் கூட வருகிற குட்டியானை வண்டியில் ஏற்றிவிடுவாள்.

கேள்வி (காரைக்குடி): கொப்புளத்தில் ஊசி நூல் கோத்து விடுவார்களே, செய்யலாமா?

நூலை உள்ளே விடாதீர்கள், அழுக்கு அந்த வழியாகவே உள்ளே போகும். சின்னக் கொப்புளம் என்றால் தொடாமல் விட்டுவிடுங்கள். பெரிதாகி, அடி வைக்க முடியவில்லை என்றால் மட்டும் சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் ஓரமாக ஒரு குத்து. நீரை மெதுவாக அமுக்கி எடுங்கள். மேல்தோலை உரிக்கவே கூடாது, அதுதான் இயற்கையான பிளாஸ்திரி. மேலே மருந்து, துணி, அதன் மேல் காட்டன் சாக்ஸ். சர்க்கரைக்காரர் என்றால் இதையும் வீட்டு வைத்தியமாகச் செய்யாதீர்கள்.

கொப்புளத்தைவிட ஆளைப் படுத்துவது தொடை இடுக்கு உரசல். வெட்கப்பட்டு யாரும் சொல்ல மாட்டார்கள், காலை அகட்டி நடப்பதை வைத்துத்தான் கண்டுபிடிப்போம். கிளம்பும் முன்பே தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள், எரிந்த பிறகு அல்ல.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): காவடி எடுத்துப் போகிறவனுக்கு எதற்கு இத்தனை திட்டம்? முருகன் பார்த்துக்கொள்வான்.

பார்த்துக்கொள்வான். நானூறு வருடப் பாரம்பரியம் என்று சொல்லப்படுகிற நகரத்தார் காவடியைப் பாருங்கள். இந்த ஊரில் இந்த வேளை பூசை, இந்த ஊரில் சாப்பாடு, இங்கே தங்கல் என்று வருடா வருடம் அச்சுப் பிசகாமல் நடக்கிறது. பக்தியில் நம்மைவிட அவர்கள் குறைந்தவர்களா?

கேள்வி (ஈரோடு): பங்குனி உத்திரத்துக்கு வருகிறோம். இதே கணக்கு பொருந்துமா?

பொருந்தாது. கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்து வருகிற உங்கள் பக்கத்துக்காரர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். பங்குனி வெயிலில் ஒன்பது மணி என்பதை எட்டாக்குங்கள், மாலை ஐந்தரைக்கு முன் எழுந்திருக்காதீர்கள். நாளுக்கு ஐந்தாறு கிலோமீட்டர் குறையும், அதற்கு ஒரு நாள் கூட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி (திருப்பத்தூர்): பூசத்தன்றே பழனி போய்ச் சேரும்படி திட்டமிடுவதா?

தேர் பார்க்க வேண்டும் என்றால் முதல் நாளே ஊருக்குள் இருங்கள். பூசத்தன்று கடைசி 28 கிலோமீட்டரை நடந்து, சண்முக நதியில் குளித்து, முடி கொடுத்து, அப்புறம் மலைக்கு வரிசை என்றால் அது ஒரு நாள் வேலையே இல்லை. எங்கள் குழு இரண்டு நாள் முன்னால் போய்விடும். கடைசி நாளையும் அவசரமில்லாமல் வையுங்கள். ஆயக்குடியில் கொய்யாப்பழம் வாங்கிச் சாப்பிட அரை மணி நேரமாவது வேண்டும். அங்கிருந்து பார்த்தால் மலை பக்கத்தில் இருக்கிற மாதிரிதான் தெரியும், ஆனால் கால் சீக்கிரத்தில் நம்பாது.

மலைக்கு ஏறக்குறைய 700 படி. ஏறுவது ஒன்றும் இல்லை, ஏழு நாள் நடந்த முழங்காலுக்கு இறங்குவதுதான் பாடு. யானைப் பாதையில் இறங்குங்கள், சரிவு மிதமாக இருக்கும். 2023 அக்டோபரிலிருந்து மலைக்கோயிலுக்குச் செல்போன் கொண்டுபோகக் கூடாது. கூட்டத்தில் பிரிந்துவிட்டால் எங்கே சேருவது என்பதைக் கீழேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (அதே திருப்பத்தூர்க்காரர்): திரும்பி வருவது எப்படி?

நகரத்தார் காவடி நடந்தேதான் திரும்பும். நாங்கள் பஸ். காலை மடக்கி மூன்று நான்கு மணி நேரம் உட்கார்ந்தால் கணுக்கால் வீங்கி, காரைக்குடியில் இறங்கும்போது செருப்பு நுழையாது. ஜன்னல் சீட்டுக்குப் போட்டி போடாமல் நடைபாதை ஓரத்து சீட்டைப் பிடித்து, காலை நீட்டி வையுங்கள். கண்டக்டர் திட்டினால் காவி வேட்டியைக் காட்டுங்கள், விட்டுவிடுவார்.