கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: மகள் அமெரிக்காவில், நியூஜேர்சியில் இருக்கிறாள். அங்கே போயிருந்தபோது கேபிளில் 'பிபிசி அமெரிக்கா' என்றொரு சனலைக் கண்டு உலகச் செய்தி கேட்கலாம் என்று இருந்தேன். பழைய அமெரிக்கத் தொடர்களைத்தான் போட்டுக்கொண்டே இருந்தார்கள். பிபிசி என்றால் செய்தி இல்லையா?
*வாசகி, கல்லடி*

பதில்: நம் ஊர்ச் சனத்துக்கு பிபிசி என்றால் ரேடியோவில் இரவு ஒன்பதே கால் மணிக்கு வந்த தமிழ்ச் செய்தி, தமிழோசைதானே அக்கா! யுத்த காலத்தில் மட்டக்களப்பின் படுவான்கரையில் பற்றரியை வெயிலில் காயப்போட்டு, அந்த அரை மணித்தியாலத்துக்கென்றே பொத்திப் பொத்தி வைத்தவர்களை நான் அறிவேன். இடையில் பிள்ளைகள் பாட்டுக் கேட்கப் பெட்டியைத் தொட்டால் ஏச்சு விழும்.

அந்த பிபிசி வேறு காசில் நடந்தது. 2014 வரை பிரித்தானிய வெளியுறவு அமைச்சின் பணம், பிறகு பெரும்பாலும் அந்நாட்டு வீட்டுக்காரர் செலுத்தும் தொலைக்காட்சி உரிமக் கட்டணம். 1998இல் தொடங்கிய பிபிசி அமெரிக்கா, பிபிசியின் வர்த்தகப் பிரிவு போட்ட கடை. விளம்பரமும் கேபிள் சந்தாவும்தான் அதன் வருமானம்.

அதற்காகச் செய்தியே போடவில்லை என்று சொல்லக்கூடாது. 2007 ஒக்டோபரில், வார நாட்களில் மாலை ஏழு மணிக்கு, அமெரிக்கருக்கென்றே ஒரு மணிநேர உலகச் செய்தி தொடங்கினார்கள். வாஷிங்டனிலிருந்து மாட் ஃப்ரை நடத்தினார். அங்குள்ள மூன்று பெரிய சனல்களும் மாலைச் செய்தியை விளம்பரத்தோடு சேர்த்து அரை மணிநேரத்தில் முடித்துவிடுகிற நாட்டில் அது துணிச்சல்தான். சில வருஷங்களில் அந்தச் செய்தி அங்கிருந்து பிபிசியின் சர்வதேசச் செய்திச் சனலுக்குப் போய்விட்டது. நாடகம் பார்க்க வந்தவர்களைச் செய்திக்கு இருத்திவைப்பது லேசில்லை என்பது என் எண்ணம்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். 2014இல் ஏஎம்சி நெட்வேர்க்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் இந்தச் சனலில் 49.9 வீதத்தை வாங்க 20 கோடி டொலர் கொடுத்தது. பாதிக்கும் குறைவான பங்கு! மிச்சம் 50.1 வீதத்தை 2024இல் அதே நிறுவனம் வாங்கியது, 4 கோடி 20 லட்சத்துக்கு. பத்து வருஷத்தில் கேபிள் வியாபாரம் அந்த அளவுக்கு இறங்கிப்போயிற்று. ஆக, நீங்கள் பார்த்ததில் பெயர்ப்பலகைதான் பிபிசி, முதலாளி அமெரிக்கன்.

பிபிசியின் அந்த வாஷிங்டன் செய்தியைப் பல பொதுத் தொலைக்காட்சி நிலையங்களும் வாங்கி ஒளிபரப்பி வந்திருக்கின்றன. மகளின் ஊர் நிலையத்து நேர அட்டவணையைப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குத் தனிச் சந்தா வேண்டாம்.

கேள்வி: தமிழோசை இப்போதும் ரேடியோவில் வருகிறதா?
*வாசகர், அக்கரைப்பற்று*

பதில்: இல்லை தம்பி. 1941இல் தொடங்கிய ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ஆம் திகதியோடு நின்றது. பிபிசி தமிழ் இப்போது இணையத்தில் இருக்கிறது. வாப்பாவுக்காகக் கேட்கிறீர்கள் என்றால், உங்கள் போனிலேயே எடுத்துக் கொடுக்கலாம்.