எல்போங்கிற இங்கிலாந்து ராக் பேண்ட் பேமஸ் ஆக ஏன் அவ்வளவு வருஷம் ஆச்சு?

திறமைக்குக் குறையே இல்லங்க, லேபிள், அதாவது ஆல்பம் வெளியிடுற கம்பெனி, கைவிட்டதுதான் முக்கிய காரணம். மான்செஸ்டர் பக்கம் பரி ஊர்ல 1990-கள்லயே சேர்ந்து வாசிச்ச பசங்க, ஐலண்ட் ரெக்கார்ட்ஸுக்காக ஆல்பமே ரெக்கார்ட் பண்ணி முடிச்சாங்க, அதுக்குள்ள லேபிளை யுனிவர்சல் வாங்கி இவங்கள கழட்டி விட்டுட்டாங்க, அதனால முதல் ஆல்பம் 2001-லதான் வந்துச்சு. விமர்சகர்கள் கொண்டாடினாங்க, ஆனா பெரிய கூட்டம் சேரல.

எல்லாம் மாறுனது 2008-ல, 'தி செல்டம் சீன் கிட்' ஆல்பத்தால. இறந்துபோன நண்பர், மான்செஸ்டர் பாடகர் பிரயன் கிளான்சி நினைவா பண்ணது, வெளி புரொட்யூசர் யாரும் இல்லாம கீபோர்டு வாசிக்கிற கிரெய்க் பாட்டரே புரொட்யூஸ் பண்ணாரு. அந்த வருஷம் பிரிட்டன்ல சிறந்த ஆல்பத்துக்குக் குடுக்கிற மெர்க்குரி பரிசு இவங்களுக்குத்தான், எனக்குக் கேட்டா அதுக்கு முழு தகுதி இருந்துச்சு. பேண்டோட பாடகர் கை கார்வி (Guy Garvey) குரல்ல துக்கமும் சந்தோஷமும் ஒண்ணாவே வரும், அவசியம் கேளுங்க. 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ் நிறைவு விழாலயும் வாசிச்சாங்க, 2014-ல பிரிட்டன் ஆல்பம் விற்பனைப் பட்டியல்ல முதல் இடமும் பிடிச்சாங்க.