முகம் பார்க்காத சாவு

அன்புள்ள ஐயா,

2021 மே மாதம் அப்பா கொரோனாவில் இறந்தார். உறையில் கட்டி, ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். முகத்தைக்கூடக் காட்டவில்லை. நீர்மாலை இல்லை, வாய்க்கரிசி இல்லை. வீட்டில் முதலில் காய்ச்சல் வந்தது எனக்குத்தான். இன்றும் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் கை நடுங்குகிறது, தூக்கம் வருவதில்லை. "எத்தனை வருசம்தான் அதையே நினைச்சிட்டிருப்ப?" என்கிறார்கள். அம்மா அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. நான் மட்டும்தான் இப்படியா?

(பெயர் வேண்டாம்), விருதுநகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் மட்டும் இல்லை. கொரோனாவின் முதல் ஆண்டிலேயே உலகம் முழுக்கப் பதற்றமும் மனச்சோர்வும் 25 சதவீதம் கூடியதாக உலக சுகாதார நிறுவனம் சொன்னது.

நம் ஊர்ச் சாவு வீட்டில் அழுவதற்கு ஆள் துணை உண்டு. பங்காளிகள் வருவார்கள், பெண்கள் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள், பதினாறாம் நாள் வரை வீட்டில் யாராவது இருப்பார்கள். உங்களுக்கு அதில் எதுவுமே கிடைக்கவில்லை. அழ ஆரம்பிக்கவே விடாமல் விட்டுவிட்டு, இன்னுமா முடியவில்லை என்று கேட்பது அநியாயம்.

இத்தனைக்கும் மத்திய சுகாதார அமைச்சகம் 2020 மார்ச்சிலேயே வெளியிட்ட வழிகாட்டுதலில், ஊழியர்கள் உறையின் முகப்பக்கத்தைத் திறந்து உறவினருக்குக் காட்டலாம், உடலைத் தொடாத சடங்குகளைச் செய்யலாம், சாம்பலால் ஆபத்தில்லை என்றெல்லாம் எழுதியிருந்தது. பயத்திலும் நெருக்கடியிலும் பல இடங்களில் அது நடக்கவில்லை. எனக்கு அதில் இன்றும் ஆறாத கோபம் உண்டு. உங்களுக்கும் கோபம் வரட்டும். அதை உங்கள் மேலேயே திருப்பிக்கொள்ளாதீர்கள்.

அந்தக் காய்ச்சல் விஷயத்துக்கு வருகிறேன். அந்த மே 21 அன்று மட்டும் தமிழ்நாட்டில் 36,000 பேருக்கு மேல் தொற்று உறுதியானது. அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே பிறருக்குப் பரவும் நோய் அது. அப்பாவுக்கு முதலில் தொற்றி, உங்களுக்கு முதலில் காய்ச்சல் அடித்திருக்கலாம். யாரிடமிருந்து யாருக்கு என்று இனி எவராலும் சொல்ல முடியாது. குற்றவாளி என்று உங்களை நீங்களே தீர்மானிக்க எந்த ஆதாரமும் இல்லை.

ஆறு மாதம் தாண்டியும் அன்றாட வாழ்க்கையை முடக்கிப்போடும் துக்கத்தை மருத்துவம் இப்போது சிகிச்சை தேவைப்படும் நிலையாகவே பார்க்கிறது. சத்தம் கேட்டதும் வரும் நடுக்கம் வேறு வகை, அதற்கும் சிகிச்சை உண்டு. உங்களுக்கு இருப்பது எது என்பதை மனநல மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416. கட்டணம் இல்லை, எந்நேரமும் தமிழில் பேசலாம். தூக்கமின்மையிலிருந்து ஆரம்பியுங்கள், அதைச் சொல்வது சுலபம்.

இந்த வருடத் திதிக்கு அன்று வர முடியாமல் போன சொந்தங்களையெல்லாம் கூப்பிடுங்கள். அப்பாவைப் பற்றிப் பேசட்டும். அம்மா அன்றும் பேசாவிட்டால் வற்புறுத்தாதீர்கள், மருத்துவரிடம் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அன்புடன்