பௌலிங் லீக்கில் சேரலாமா, அடகு வைத்த காப்பை மீட்கலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. நான் மனைவியுடனும் ஆறு வயது மகளுடனும் கொழும்பு, கொட்டாஞ்சேனையில் வாடகை வீட்டில் வசிக்கிறேன். கோட்டையிலுள்ள ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. பிடித்தங்கள் போகக் கைக்கு 145,000 ரூபாய் வருகிறது. வீட்டுச் செலவெல்லாம் போக மாதம் 28,000 ரூபாய் மிஞ்சும். சேமிப்புக் கணக்கில் 180,000 ரூபாய் இருக்கிறது. 2022இல் மனைவியின் இரண்டு காப்புகளை 200,000 ரூபாய்க்கு அடகு வைத்தோம். ஆண்டுக்கு 18 சதவீத வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்து வருகிறோம். இப்போது அலுவலகத் தோழர்கள் வியாழன் இரவுகளில் நடக்கும் டென்பின் பௌலிங் (பாரமான பந்தை உருட்டிப் பத்துப் ‘பின்’ கட்டைகளை வீழ்த்தும் ஆட்டம்) லீக்கில் என்னையும் சேரச் சொல்கிறார்கள். எட்டு அணிகள், அணிக்கு நால்வர், 24 வாரங்கள். நுழைவுக் கட்டணம் 5,000 ரூபாய். வாரக் கட்டணம் 2,500. அதில் 500 பரிசு நிதிக்குப் போகும். சப்பாத்து வாடகை 300. முதற்பரிசு 100,000 என்பதால், வென்றால் ஆளுக்கு 25,000 திரும்பி வரும் என்கிறார்கள். சொந்தப் பந்து வாங்கினால் நல்லது என்றும் சொல்கிறார்கள். என் நெருங்கிய நண்பர்கள் நால்வரும் கடந்த மூன்று ஆண்டுகளில் கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போய்விட்டார்கள். சேரலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் பணத்தோடு சம்பந்தமில்லாததுபோல் இருக்கும் கடைசிச் செய்தியைத்தான் நான் முதலில் கணக்கில் எடுக்கிறேன். நான்கு நண்பர்களும் ஊரைவிட்டுப் போன பிறகு, வாரத்தில் ஓர் இரவு மனிதர்களோடு சிரித்துப் பேசிக் கழிய வேண்டும் என்று நினைப்பதை வீண்செலவு என்று ஒதுக்க முடியாது. ஆகவே உங்களுக்கு நான் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் தோழர்கள் சொன்ன கணக்கை வைத்து இதில் இறங்கக் கூடாது, ஏனென்றால் அதில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு செலவு விடுபட்டிருக்கிறது; வரவென்று காட்டியதும் வரவல்ல.

பரிசுப் பணத்தை முதலில் பார்ப்போம். 32 பேர் வாரம் 500 ரூபாய் வீதம் 24 வாரம் கட்டினால் 384,000 ரூபாய் சேரும். அதில் கிண்ணங்களுக்கும் இறுதிநாள் விருந்துக்கும் 84,000 போனதாக வைத்துக்கொண்டால் மிச்சம் 300,000. தலைக்குச் சராசரி 9,375. நீங்கள் அந்த நிதிக்குக் கட்டுவதோ 12,000. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நம்மவர்கள் பிடிக்கும் சீட்டைப் போன்றதுதான் இது: எல்லோரும் போட்ட காசு ஒருவர் கைக்கு வருகிறது. சீட்டிலாவது ஒவ்வொருவருக்கும் ஒரு முறை வரும். இங்கே தோற்ற அணிக்கு வராது. எனவே பரிசை வரவுப் பக்கத்தில் எழுதவே வேண்டாம். வந்தால் வரட்டும்.

இனிச் செலவு. வாரக் கட்டணம் 60,000, நுழைவு 5,000, சப்பாத்து வாடகை 7,200 என்று 72,200 ரூபாய் பௌலிங் மண்டபத்தில் முடிகிறது. ஆட்டம் முடிய இரவு பத்து மணியாகும். அந்த நேரத்தில் பஸ்ஸை நம்ப முடியாது. முச்சக்கர வண்டிக்கு 900 ரூபாய் என்று வைத்தால் 24 இரவுகளுக்கு 21,600. வேலை முடிந்த பசியோடு நேரே போகிறவர் அங்கே எதையாவது சாப்பிடுவார், தோழர்கள் வாங்கும்போது தானும் ஒரு முறை வாங்குவார். அதற்கு இரவொன்றுக்கு 1,200 ரூபாய் என்றால் 28,800. மொத்தம் 122,600 ரூபாய். இந்த ஐந்தரை மாதங்களில் மாதத்துக்கு ஏறத்தாழ 22,300, அதாவது உங்கள் கைச்சம்பளத்தில் 15 சதவீதம். மாதம் மிஞ்சும் 28,000இல் கையில் நிற்பது 5,700தான். பொழுதுபோக்குக் கணக்குகளை நான் பார்த்தவரையில், சந்தாவைவிடச் சந்தாவைச் சுற்றி வருகிற சாப்பாடும் வண்டிக்காசுமே குடும்பத்தை நெருக்குகின்றன, அவற்றை யாரும் எழுதி வைப்பதில்லை என்பதால்.

பந்து வேண்டாம். நண்பர்கள் ஆசையோடு சொல்லியிருப்பார்கள், ஆனாலும் இப்போது வேண்டாம். சொந்தப் பந்தின் சிறப்பு அதன் துளைகளில் இருக்கிறது: மண்டபத்துப் பந்தில் பெருவிரல் துளை பெரும்பாலும் தளர்வாக இருப்பதால் அது நழுவாமலிருக்கக் கையை இறுக்க வேண்டியிருக்கும், சொந்தப் பந்திலோ உங்கள் விரல்களின் பருமனையும் அவற்றுக்கிடையிலுள்ள தூரத்தையும் அளந்து துளையிடுவார்கள். ஒரு கைக்கு அளந்து துளைத்த பந்து இன்னொரு கைக்குச் சரிவராது என்பதால், ஆட்டத்தை விட்டுவிட்டால் அதை நல்ல விலைக்கு விற்பது கடினம். மேலும் விதிப்படி ஒரு பந்தின் எடை 16 இறாத்தல்வரை, அதாவது ஏறத்தாழ 7.26 கிலோவரை இருக்கலாம். அவ்வளவு பாரமான பொருளை வெளிநாட்டிலிருந்து தருவித்தால் விமானக் கூலியே பெருந்தொகையாகும். பெறுமதி சேர் வரியும் 2024 ஜனவரி முதல் 18 சதவீதம்.

நல்ல பந்து இல்லாவிட்டால் அணிக்குப் பாரமாகிவிடுவேனோ என்ற தயக்கமும் உங்களுக்குத் தேவையில்லை. இத்தகைய லீக்குகளில் பெரும்பாலும் ஹேண்டிகேப் முறை உண்டு. 200 புள்ளியை அடிப்படையாக வைத்து, அதற்கும் உங்கள் சராசரிக்கும் இடையிலான வித்தியாசத்தில் 90 சதவீதத்தை ஒவ்வோர் ஆட்டத்திலும் உங்களுக்குக் கூட்டிக் கொடுப்பது வழக்கமான ஓர் ஏற்பாடு. சராசரி 120 என்றால் 72 புள்ளி கிடைக்கும். சராசரி 180 உள்ள மேலாளருக்கு 18 மட்டுமே. 60 அடி தொலைவில் நிற்கும் பத்துப் பின்களின் முன்னால் கணக்குப் பிரிவு எழுதுநரும் மேலாளரும் ஏறத்தாழச் சமமாக நிற்பது இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த விடயம். சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் பேசுகிறவர்கள் ஒரே அணியில் கைதட்டிக்கொள்ளும் மாலைகள் கொழும்பில் அருமை. உங்களுக்குக் கிடைக்கப்போகும் ஆதாயம் அதுதான்.

இப்போது காப்புகளுக்கு வருகிறேன். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. அந்த ஆண்டில் நகையை அடகு வைத்ததற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. எத்தனையோ குடும்பங்கள் அப்படித்தான் தாக்குப்பிடித்தன. ஆனால் ஆண்டுக்கு 36,000 ரூபாய், மாதம் 3,000, வட்டியாகவே போகிறது. கடனின் முதல் தொகையில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. சேமிப்பிலுள்ள 180,000ஐ எடுத்து மீட்டுவிடலாமே என்று தோன்றும். அது ஒன்றரை மாதச் செலவுக்கே போதும் என்பதால், மகளுக்கு ஒரு காய்ச்சல் வந்தால் எடுப்பதற்கென்று அதை அப்படியே விட்டுவையுங்கள்.

என் யோசனை இது. நால்வர் அணியில் ஐந்தாவது பெயரையும் பதிய விடுகிறார்களா என்று அணித் தலைவரிடம் கேளுங்கள். விட்டால் ஓர் இடத்தை நீங்களும் இன்னொரு தோழரும் பகிர்ந்து, ஆளுக்குப் பன்னிரண்டு வியாழன் விளையாடுங்கள். வராத வாரத்துக்கும் கட்டணம் கட்ட வேண்டும் என்பதும், வராதவருக்குச் சராசரியில் பத்துப் புள்ளி குறைத்துப் போடுவதும் பல லீக்குகளின் விதி. இருவர் பகிர்ந்தால் அந்த இரண்டு நட்டமும் இல்லை. பன்னிரண்டு வாரக் கட்டணம் 30,000, நுழைவு 5,000, சப்பாத்து 3,600, முச்சக்கர வண்டி 10,800, புறப்படுமுன் சாப்பிட்டுவிட்டு அங்கே ஒரு தேநீர் மட்டும் என்றால் 3,600. ஆக 53,000; மாதம் 9,600 அளவில். மிஞ்சும் 18,400ஐ மாதந்தோறும் அடகு முதலுக்குக் கட்டினால் சீசன் முடியும்போது 100,000 ரூபாய்க்கு மேல், பாதிக் கடன், தீர்ந்திருக்கும். முழு இடம் எடுத்தால் அதே காலத்தில் 31,000 ரூபாயளவில்தான் கட்ட முடியும். பகுதி பகுதியாக முதலைக் கட்டவும், பாதி தீர்ந்ததும் ஒரு காப்பை மட்டும் விடுவிக்கவும் இடமுண்டா என்று அடகுப் பிரிவில் இந்த வாரமே விசாரியுங்கள். பரிசு வந்தால் அந்த ஓரிடத்துப் பங்கை இருவரும் எப்படிப் பிரிப்பீர்கள் என்பதையும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் எதையும் கடனட்டையில் கட்ட வேண்டாம்.

உங்கள் மனைவி என்ன நினைக்கிறார் என்று கடிதத்தில் இல்லை. காப்பு அவருடையது, அந்த இரவுகளில் மகளைத் தூங்க வைப்பவரும் அவரே. இந்தக் கணக்கைத் தாளில் எழுதி அவர் முன் வையுங்கள். நீங்கள் விளையாடாத வியாழன்களை அவருடைய இரவுகளாக்கி, அவர் விரும்பிய இடத்துக்குப் போய்வர மகளை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த சீசனுக்குப் பெயர் கேட்கும்போது இரண்டு காப்புகளும் அவர் கைக்கு வந்திருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள். முழு இடத்தைப் பற்றி அப்போது என் பதில் வேறாக இருக்கும்.