மருந்து வைத்ததும் ஈக்கள் பூவுக்குப் போகவில்லை!
தேனீ வளர்ப்பு: கேள்வி பதில்

கேள்வி: தென்னந்தோப்பில் இத்தாலியத் தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறேன். மாசிக் கடைசியில், தேனீயில் ஒட்டி வாழும் வரோவா உண்ணிக்காக பார்மிக் அமிலம் வைத்தேன். மறுநாளே ஈக்கள் வாசலில் கொத்தாகத் தொங்கின. பூவுக்குப் போவதும் பாதியாகிவிட்டது. மருந்தே கூட்டத்தைக் கெடுத்துவிட்டதா ஐயா?
வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: மருந்தைவிட நீங்கள் வைத்த நேரம்தான் எனக்கு உறுத்துகிறது. பார்மிக், ஆவியாகி வேலை செய்வது. மெழுகால் மூடிய புழு அறைக்குள்ளும் புகுந்து உண்ணியைக் கொல்லும் என்பதுதான் அதன் சிறப்பு. வெயில் ஏறினால் ஆவி ஒரேயடியாகக் கிளம்பிவிடும். பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டாத நாட்களில் வைக்க வேண்டியதை, மாசிக் கடைசியில் உடுமலையில் வைத்தால் ஈக்கள் என்ன செய்யும்? பூவுக்குப் போக வேண்டியவையும் வாசலில் நின்று இறக்கையால் விசிறிக் காற்றை வெளியே தள்ளும். இந்த முடக்கம் சில நாளில் சரியாகிவிடும்.

அடுத்து நடப்பதைத்தான் கவனிக்க வேண்டும். சூட்டில் வைத்த பார்மிக், உண்ணியோடு முட்டையையும் இளம் புழுக்களையும் சேர்த்துக் கொல்லும். சில நேரம் ராணியும் போய்விடும். புழு குறைந்தால் மகரந்தத் தேவை குறையும், மகரந்தம் கொண்டு வரும் ஈக்களும் குறையும். காலை ஏழு மணி வாக்கில் வாசலருகே உட்கார்ந்து, பின்னங்காலில் மகரந்த உருண்டையோடு நுழையும் ஈக்களை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். மருந்து வைக்காத பெட்டி ஒன்று இருந்தால் அதிலும் எண்ணுங்கள். மருந்து வைத்துப் பத்து நாளாகியும் வித்தியாசம் பெரிதாக இருந்தால் பெட்டியைத் திறந்து, புது முட்டை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. முட்டை ஈயாக வெளிவர 21 நாள். அப்புறம் சுமார் மூன்று வாரம் கூட்டு வேலை. அதற்குப் பிறகே பூவுக்குப் போகும். இன்று செத்த புழுவின் இழப்பு, மூன்று முதல் ஆறு வாரம் கழித்துத்தான் வெளிவேலையில் தெரியும். ‘மருந்து வைத்து மாதமாச்சு, இப்போது ஏன் கூட்டம் மெலிகிறது?’ என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் பார்க்கிறார்கள். பூக்கள் அதிகம் பூக்கும் காலம் எப்போது வரும் என்று பார்த்து, குறைந்தது ஒன்றரை மாதம் முன்னதாகவே மருந்து வேலையை முடித்துவிடுங்கள்.

அதற்காக மருந்தே வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். உண்ணி கடித்து வளர்ந்த ஈ, வயதுக்கு முன்பே வெளிவேலைக்குப் போய்விடும். திரும்பி வருவதும் குறைவு. பெட்டிக்கு முன்னால் மண்ணில், கசங்கிய காகிதம் போன்ற இறக்கையோடு ஊர்ந்து திரியும் ஈக்களைப் பார்த்திருப்பீர்கள். உண்ணி பரப்பும் வைரஸ் செய்யும் வேலை அது. ஆண் ஈ அறைகள் சிலவற்றைக் கீறிப் பாருங்கள். வெள்ளைக் கூட்டுப்புழுவின் மேல் செம்பழுப்பில், நண்டு வடிவில், ஊசிக் கொண்டையளவு உண்ணி ஒட்டியிருக்கும்.

நம் வெயிலுக்கு என் தேர்வு: ராணியைச் சிறு கூண்டில் 24 நாள் அடைத்து, புழு முழுதும் தீர்ந்ததும் ஆக்ஸாலிக் அமிலம். அது மூடிய அறைக்குள் புகாது, அதனால்தான் இந்தக் காத்திருப்பு. இதிலும் முட்டை வைப்பு நிற்பதால் பின்னால் ஈ குறையும். ஆனால் தேதியை நீங்கள் தீர்மானிக்கலாம். அளவுக்கு அட்டையில் போட்டிருப்பதைத் தாண்டாதீர்கள், கையுறை கட்டாயம்.

கேள்வி: எங்களிடம் இருப்பது இந்தியத் தேனீ. பக்கத்துத் தோட்டத்தில் இத்தாலியப் பெட்டிகளுக்கு மருந்து வைக்கிறார்கள். நாங்களும் வைக்க வேண்டுமா?
வாசகி, மார்த்தாண்டம்

பதில்: வேண்டாம் அம்மா. வரோவா பழைய காலத்திலிருந்தே நம் ஈயோடு வாழ்ந்து வந்த உண்ணிதான். நம் கூட்டத்தில் அது பெரும்பாலும் ஆண் ஈப் புழுவில்தான் பெருகும். வேலைக்கார ஈக்கள் அதைப் பிடித்துக் கடித்தும் போடும். உங்கள் வட்டாரத்தில் இந்தியத் தேனீப் பெட்டிகளை 1990-களின் தொடக்கத்தில் காலி செய்தது தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய். அறைக்குள் புழு தலையைத் தூக்கி, நீர் கட்டிய பை போலச் செத்துக் கிடந்தால் அதுதான். அதற்கு எந்த அமிலமும் உதவாது. நோயுள்ள அடையை வேறு பெட்டிக்கு மாற்றாதீர்கள்; தாங்கி நிற்கும் கூட்டத்திலிருந்து ராணி வளர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஓமத்தில் உண்ணியைக் கொல்லும் தைமால் இருக்கிறதாமே, ஓமப் புகை போட்டால் உண்ணி போகுமா?
வாசகர், தேனி

பதில்: தைமால் இருப்பது உண்மை. ஆனால் புகையில் எவ்வளவு போகிறது என்று யாரால் அளக்க முடியும்? அதிகமானால் ஈக்கள் பெட்டியைக் காலி செய்து ஓடிவிடும். தேன் அறை மேலே இருக்கும்போது போட்டால் தேனில் ஓம வாசனை ஏறும், வாங்க வந்தவர் முகத்தைச் சுளிப்பார். ஓமத்தைக் குழம்புக்கு வையுங்கள்.